லேப்பிலிருந்து ஒரு போன்

பெர்சிஸ் திரும்பத் திரும்ப ஒரே எண்ணை அழைத்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. வெளியே சாரல் தூறி ஊரே குளிர்ந்து கிடக்க, அவளுக்கு மட்டும் நெற்றியில் வியர்த்திருந்தது.

"ஏலே மூர்த்தி, இங்கன வா. இந்த ஆள உனக்குத் தெரியுமா? காலையில நீதான ரத்தம் எடுத்த?"

அவள் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தேன். காமராஜ், வயது ஐம்பத்திரண்டு, இலஞ்சி. கீழே பிளேட்லெட் என்று போட்டுப் பன்னிரண்டாயிரம் என்றிருந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய சமாச்சாரம் அது. ரத்தத்தை உறைய வைக்கிற அணு. அந்த அளவுக்கு இறங்கிவிட்டால் சும்மா இடித்துக்கொண்டாலும் ரத்தம் நிற்காது. இடித்துக்கொள்ளாவிட்டாலும் உள்ளுக்குள் கசியத் தொடங்கலாம். ரிப்போர்ட் காலையிலேயே அவருடைய வாட்ஸப்புக்குப் போய்விட்டது. இப்போது மதியச் சாப்பாட்டு நேரம். இரண்டு டிக்கும் சாம்பல் நிறத்திலேயே நின்றன. வந்து சேர்ந்திருக்கிறது, திறந்து பார்க்கவில்லை.

நான் கணேசமூர்த்தி. தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் ரத்தம் எடுப்பவன். ஊரில் பாதிப்பேரை எனக்குப் பெயரால் தெரியாது, கை நரம்பால் தெரியும். காமராஜின் நரம்பு எண்ணெய் ஊறிய கையில் தடித்துக் கிடந்தது நன்றாக நினைவிருந்தது.

"குத்தாலத்துல எண்ணெய் தேய்க்கிற அண்ணாச்சி. காய்ச்சல் விட்டுட்டாம். சீசன் நேரம், இன்னைக்காவது வேலைக்குப் போணும்னு அவசரப்பட்டாவ."

பெர்சிஸ் போனைக் கீழே வைத்தாள். டெங்கு காய்ச்சலின் கள்ளத்தனமே இதுதான். காய்ச்சல் விட்டபிறகுதான் பிளேட்லெட் சரியும். ஆள் தெளிந்துவிட்டதாக நினைத்து எழுந்து போவான். இவர் போயிருப்பது பாசியும் எண்ணெயும் வழிகிற அருவிப் பாறைக்கு.

இந்த இடத்தில் பெர்சிஸைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவளுக்கு ஆலங்குளம். பி.காம். படித்தவள். கணவர் ஜெபசிங் புளியறை வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். கல்யாணமான கையோடு பெர்சிஸ் இந்த லேப்பில் சேர்ந்தாள். பரிசோதனை மெஷின் ஒரு தாளில் எண்களைத் துப்பும். அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ரிப்போர்ட்டாக அடிப்பது அவள் வேலை. பக்கத்தில் பேராச்சியக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தாளை வாசிப்பாள். "ஹீமோகுளோபின் பதினொண்ணு புள்ளி ரெண்டு. யூரியா முப்பத்தி நாலு." கல்யாண வீட்டில் மொய் வாசிக்கிற ராகம். ஒருத்தி வாசிக்க, ஒருத்தி அடிக்க, அப்படியே வருடங்கள் ஓடின.

சாரல் சீசன் வந்தால் காய்ச்சலும் கூடவே வரும். தாள் மலையாகக் குவியும். ரிப்போர்ட்டுக்காகப் பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் புளியறைக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று எங்களைக் கரித்துக் கொட்டுவார்கள். பெர்சிஸ் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு அடிப்பாள். விரல் மரத்துப்போகிறது என்று சாப்பாட்டு நேரத்தில் வெந்நீரில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி ஒரு நாள், செங்கோட்டைக்காரர் ஒருவருக்குச் சிறுநீரகக் கணக்கு ஒன்று புள்ளி ஒன்று என்று இருந்ததைப் பதினொன்று என்று அடித்துவிட்டாள். புள்ளி விழவில்லை, அவ்வளவுதான். அந்தக் குடும்பம் அழுது புரண்டுகொண்டு திருநெல்வேலிக்குக் காரெடுத்து ஓடியது. அங்கே மறுபடி பார்த்ததில் ஒன்றுமில்லை. முதலாளி சிவசைலம் சார் இரண்டு வார்த்தை திட்டியதோடு விட்டுவிட்டார். பெர்சிஸ்தான் விடவில்லை.

"மெஷினும் கம்ப்யூட்டரு, இதுவும் கம்ப்யூட்டரு. ரெண்டும் பேசிக்கிட வேண்டியதுதான? நடுவுல நான் எதுக்குலே தூது போவணும்?" என்று என்னிடம் கேட்டாள்.

ஆலங்குளம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வீடியோ பார்த்துப் படித்தாள். கேள்வி கேட்டால் எழுதிக் கொடுக்கிற ஏஐயிடம் தமிழும் ஆங்கிலமும் கலந்து சண்டை பிடித்தாள். புருஷனோடு சண்டை போடுகிறாள் என்று பக்கத்து சீட்டுக்காரி சமாதானம் செய்ய வந்த கதையும் உண்டு. ஒருவழியாக மெஷினின் எண்களைத் தானே எடுத்து, ரத்தக் குப்பியின் எண்ணோடு பொருத்தி, ரிப்போர்ட் தயார்செய்து, வாட்ஸப்பில் அனுப்பியும் விடுகிற ஒரு ஏற்பாட்டை அவளே கட்டிவிட்டாள். முதல் நாள் ஓடவிட்டபோது நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். ரத்தம் கொடுத்தவர் எதிர்க்கடையில் டீ குடித்து முடிப்பதற்குள் ரிப்போர்ட் அவர் சட்டைப்பையில் இருந்தது. ஒரு புள்ளி தப்பவில்லை. முதலாளி குளிர்ந்துபோய்ப் பிரானூர் பார்டரிலிருந்து புரோட்டாவும் கோழியும் வாங்கி வந்தார். தாராள மனசெல்லாம் இல்லை. இன்னொரு கிளையின் வேலையையும் இவள் தலையில் கட்டலாம் என்று கணக்குப் போட்டுவிட்டார், அந்தச் சந்தோஷம்.

பேராச்சியக்காவை முன்பக்கம் டோக்கன் கொடுக்கிற ஜன்னலுக்கு மாற்றினார்கள். "எந்தொண்டை தப்பிச்சுது" என்று சிரித்துக்கொண்டுதான் போனாள். பெர்சிஸின் மணிக்கட்டிலிருந்து துணி அவிழ்ந்தது. எல்லாருக்கும் நல்லதாகத்தான் தெரிந்தது.

அன்றைக்கு ஹாஜரா பீவி என்று ஒரு அம்மா வந்து, ரிப்போர்ட்டில் வயது தப்பாக விழுந்திருக்கிறது என்று சொல்லியிருக்காவிட்டால் காமராஜின் ரிப்போர்ட் எங்கள் யார் கண்ணிலும் பட்டிருக்காது. அந்த அம்மாவின் ரிப்போர்ட்டைத் தேடப்போன இடத்தில்தான் பெர்சிஸ் இதைப் பார்த்தாள். போனைக் கீழே வைத்த கையோடு உள்ளே பார்த்து, "ஜோஷ்வா, இந்தப் பிளேட்லெட்ட நீ பாக்கலியா?" என்று கத்தினாள்.

ஜோஷ்வா மெஷினை ஓட்டுகிறவன். கையுறையோடு ஓடி வந்தான். "பாத்தேனே யக்கா. ரெண்டாந் தடவையும் ஓட்டி உறுதி பண்ணி, செவப்புல வட்டம் போட்டுத் தட்டுல வச்சனே."

தட்டு பேராச்சியக்கா முன்பு உட்கார்ந்து வாசித்த இடத்தில் இருந்தது. தாளும் அதில் பத்திரமாக இருந்தது, சிவப்பு வட்டத்தோடு. எடுக்கத்தான் ஆளில்லை.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பேராச்சியக்கா வாசித்துக்கொண்டே வரும்போது ஏடாகூடமாக ஒரு எண்ணைப் பார்த்தால், "எட்டி, நிப்பாட்டு" என்பாள். தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டுக்குப் போன் போடுவாள். "நான் லேப்புலருந்து பேசுதேன். பயப்படாதீங்க. ஆனா ஒடனே டாக்டரப் போய்ப் பாருங்க." இப்படிச் செய் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. செய்கிறாள் என்று யாரும் கவனித்ததும் இல்லை. அது ஒரு வேலை என்றே எங்களுக்குத் தோன்றாததால், வாசிப்பை நிறுத்தியபோது அதுவும் சேர்ந்து நின்றுபோனது.

டோக்கன் ஜன்னலிலிருந்து பேராச்சியக்கா எழுந்து வந்து தாளைப் பார்த்தாள். "இத நான் வாசிச்சிருந்தா காலையிலயே கூப்பிட்டிருப்பனேட்டி" என்றாள். குற்றம் சொல்லும் குரலில்லை. அதனாலேயே பெர்சிஸால் நிமிர முடியவில்லை.

முதலாளி அறையிலிருந்து வந்தார். "ரிப்போர்ட்ட அனுப்பியாச்சுல்லா? நம்ம கடமை முடிஞ்சுது. போன் பண்ணிக்கிட்டே இரும்மா. வேலய விட்டுட்டு ஆளத் தேடிப் போனா பாக்கிறவன் என்ன நெனப்பான்? லேப்புல எதோ தப்பு நடந்து போச்சும்பான்."

எனக்கு அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல வந்தது. அதற்குள் பெர்சிஸ் எழுந்துவிட்டாள். "நடந்துதான சார் போச்சு" என்றாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டே, "பேராச்சியக்கா, நீங்க விடாம அவருக்குப் போன் அடிச்சுக்கிட்டே இருங்க. மூர்த்தி, வண்டிய எடு" என்றாள்.

குற்றாலம் ரோட்டில் அன்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கேரளா வண்டி, மதுரை வண்டி, வேனின் மேலே உட்கார்ந்து துண்டைச் சுழற்றுகிற பையன்கள். அருவிக்குக் குளிக்க வருகிறவர்கள் ஏன் ரோட்டை அடைத்துக்கொண்டு நெல்லிக்காய் பேரம் பேசுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பெர்சிஸ் என் தோளைப் பிடித்திருந்த பிடி இறுகிக்கொண்டே வந்தது.

மெயினருவியில் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்ததால் குளிக்கத் தடை. எண்ணெய் தேய்க்கிறவர்கள் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் வயதான ஒருவரிடம் கேட்டேன்.

"காமராசா? இங்கன தடை போட்ட ஒடனே ஐந்தருவிக்குப் போயிட்டான். கூட்டமெல்லாம் அங்கனதான போவுது."

"போன எடுக்க மாட்டேங்காவளே" என்றாள் பெர்சிஸ்.

"எண்ணெக் கையோட போன எவன் தொடுவான்? கடையில குடுத்து வச்சிருவோம்லா. சாயங்காலம்தான் திரும்ப வாங்குவோம்."

ஐந்தருவி ரோட்டில் பாதி தூரம்தான் போக முடிந்தது. மேலே எதுவோ ஒரு பஸ் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. நான் ஹாரனை அழுத்திக்கொண்டிருக்கும்போதே பெர்சிஸ் இறங்கிவிட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே மேட்டில் ஓடினாள். நான் பைக்கை ஒரு பழக்கடை ஓரம் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். பன்னிரண்டாயிரம், பன்னிரண்டாயிரம் என்று என் மண்டைக்குள் அதுவே ஓடியது. காலையில் இருந்த கணக்கு அது. இப்போது எவ்வளவோ.

அருவிச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. ஈரத்தலைகளும் துண்டுகளுமாக ஜனம். எண்ணெய்ப் பிசுபிசுப்பில் படியெல்லாம் பளபளத்தது. என் காலே ஒரு தடவை வழுக்கியது. பக்கவாட்டில் ஒரு பாறை மேல், வெறும் வேட்டியோடு, ஒரு பருத்த ஆளைக் குப்புறப் போட்டு முதுகை நீவிக்கொண்டிருந்தார் காமராஜ்.

"அந்தா" என்று காட்டினேன்.

பெர்சிஸ் கிட்டே போனாள். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. எண்ணெய் மினுங்கிய அவருடைய முன்கை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள், ஊசியால் குத்தியதுபோல. அவர் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். புறங்கையில் ரத்தம். அதைத் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி முதுகில் கையை வைத்தார்.

"அண்ணாச்சி, வேலய நிப்பாட்டுங்க. நான் லேப்புலருந்து வாரேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "லேப்புலருந்தா? எதுக்கும்மா?"

"உங்க ரத்தத்துல அணு கொறஞ்சு போச்சு. இப்பவே ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"காய்ச்சல் விட்டுட்டும்மா. ஒடம்பு லேசாத்தான் இருக்கு. இவருக்கு முடிச்சிட்டு வாரேன். சீசனு கொஞ்ச நாள்தான." சொல்லிக்கொண்டே எழுந்து நிற்கப் போனார்.

"எந்திரிக்காதீங்க!" என்று பெர்சிஸ் அலறினாள். அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். "விழுந்தா ரத்தம் நிக்காது அண்ணாச்சி. தலையில அடிபட்டா அவ்ளோதான். அப்படியே உக்காருங்க. நாங்க பிடிச்சுக்கிடுதோம்."

அவர் உட்காரவில்லை. உட்கார நினைத்தாரோ என்னவோ, தலை சுற்றியிருக்க வேண்டும். குதிகால் பாறையில் வழுக்கி உடம்பு சாய்ந்தது. நான் பாய்ந்து அக்குளுக்கடியில் கையைக் கொடுத்தேன். எண்ணெய் உடம்பு பிடிக்கு நிற்காமல் நழுவியது. பெர்சிஸ் மறுபக்கம் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு தன் முதுகைப் பாறையில் மோதினாள். பருத்த ஆளும் எழுந்து கைகொடுத்தார். காமராஜின் தலை பாறைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அந்த ஒரு சாணை நான் இப்போதும் கனவில் பார்க்கிறேன்.

மூன்று பேருமாக அவரைத் தூக்காத குறையாக இறக்கி, ஆட்டோ பிடித்து, தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வழியெல்லாம் அவர் மூக்கில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. பெர்சிஸ் தன் முந்தானையை அவர் கையில் கொடுத்துவிட்டு, "அழுத்திப் பிடிங்க அண்ணாச்சி, பேசாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தகவல் போய் இலஞ்சியிலிருந்து அவர் மனைவி முப்பிடாதியம்மாள், பீடி சுற்றிக்கொண்டிருந்தவள், இலைத்தூள் மடியிலேயே ஒட்டியிருக்க ஓடி வந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை, இப்பவும் ரெண்டு நாள் போனால்தான் தெரியும் என்றார்.

அவரைப் படுக்கையில் போட்டு மருந்து ஏற்றத் தொடங்கியபிறகு பெர்சிஸ் மெதுவாகக் கேட்டாள். "காலையில உங்க போனுக்கு ரிப்போர்ட் வந்துச்சே அண்ணாச்சி. ஏன் பாக்கல?"

"சத்தம் கேட்டுது. உங்க லேப்புப் பேருதான் போட்டிருந்துது" என்றார் காமராஜ். "தெறந்து பாத்தா எனக்கு என்னம்மா புரியும்? மோசமா இருந்தா உங்க லேப்புல அந்த அம்மா கூப்பிட்டுருவாவளே. எம்பொண்டாட்டிக்குச் சக்கர ஏறினப்பக்கூட கூப்பிட்டுத்தான சொன்னாவ. அதனாலதான் கடையில போனக் குடுக்காம கொஞ்ச நேரம் கையிலயே வச்சுக்கிட்டு நின்னேன். போன் வரல. சரி, ஒண்ணுமில்லன்னு பாறையில ஏறிட்டேன்."

பெர்சிஸ் அங்கிருந்து நகர்ந்தாள். வெளியே வந்து வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்தாள். பிறகு அழுதாள். "என்னைய நம்பித்தானலே ஏறியிருக்காரு" என்றாள். போன் வராவிட்டால் நல்ல செய்தி என்று இந்த ஊர் முழுக்க நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஊருக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் நான் போகும்போது பெர்சிஸ் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். பழையபடி எல்லாவற்றையும் கையால் அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அப்படிச் செய்யவில்லை. சரியான ரிப்போர்ட் எல்லாம் முன்புபோலத் தானாகவே போகட்டும் என்று விட்டாள். ஆபத்தாகக் கூடியோ குறைந்தோ ஒரு எண் இருந்தாலும் அந்த ரிப்போர்ட் நகராமல் நின்று மணியடிக்கும்படி மாற்றினாள். ஒரு ஆள் அதை வாய்விட்டு வாசித்து, அந்த வீட்டுக்குப் பேசி, பேசினேன் என்று ஒரு பொத்தானைத் தட்டினால்தான் அது போகும். டோக்கன் ஜன்னலில் இருந்த நாற்காலியைத் தானே இழுத்து வந்து பக்கத்தில் போட்டாள்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "மறுபடியும் ஆள் போட்டு வாசிக்கவா? அப்புறம் எதுக்கும்மா ஆட்டோமேட்டிக்கு?"

"என் கை வலி போவதுக்கு சார். நம்ம கண்ண மூடிக்கிடதுக்கு இல்ல."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேராச்சியக்கா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். அவர் அறைக்குள் போய்விட்டார்.

அந்த ஆஸ்பத்திரி ரத்தமும் எங்கள் லேப்புக்குத்தான் வரும். அன்றைக்குக் காமராஜின் பெயரில் மணி அடித்தது. பேராச்சியக்கா வாசித்தாள். "பிளேட்லெட், ஒம்பதாயிரம்." மொய் ராகம் வரவில்லை. பெர்சிஸ் டாக்டருக்கும் முப்பிடாதியம்மாளுக்கும் பேசினாள். அன்று மதியம் அவள் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. அதற்கு மறுநாள் காலை மறுபடியும் அதே மணி. ஜோஷ்வா கையுறையோடு வந்து வாசலில் நின்றான். நான் ஊசிப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பாமல் நின்றேன்.

பேராச்சியக்கா தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "பிளேட்லெட், முப்பத்தோராயிரம்."

இன்னும் குறைவுதான், அதனால்தான் மணி அடித்தது. ஆனால் ஏறுகிறது. ஜோஷ்வா சுவரில் சாய்ந்துகொண்டான். பெர்சிஸ் போனை எடுத்து முப்பிடாதியம்மாளுக்கு அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"அக்கா, நான் லேப்புலருந்து பேசுதேன். பயப்படாதீங்க."

அந்தப் பக்கம் ஓவென்று அழுகை வெடித்தது. ஸ்பீக்கரில் போடாமலே எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அய்யோ, இல்லக்கா, அழாதீங்க. ஏறியிருக்கு. முப்பத்தொண்ணு ஆயிருக்கு. இனி ஏறிரும். இதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அழுகை நின்றது. பிறகு முப்பிடாதியம்மாள் கேட்டாள்.

"நல்லது சொல்லவும் கூப்பிடுவியளாம்மா?"

பேராச்சியக்கா பெர்சிஸின் கையிலிருந்து போனை வாங்கி, "கூப்பிடுவோம் தாயி" என்றாள். வாசலில் டோக்கனுக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.